பிளொப்பிக்குள் வைத்த பொட்டு

அந்தக் கணினி கட்டம் போட்ட சாரத்துணியில் சுற்றப்பட்டு என் மேசைக்கு வந்தது. பதுளை பஜாரில் நான் வேலை செய்யும் கணினிக் கடைக்கு, மழை விடாமல் பெய்த ஒரு முற்பகலில், பக்கத்துத் தெருத் துணிக்கடை முதலாளி அதைக் கொண்டுவந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு மூட்டையை இரண்டு கையாலும் மெதுவாக வைத்தார். அவிழ்த்தால் தடித்த ஒரு விசைப்பலகை. அந்தக் காலத்து வீட்டுக் கணினிகள் அப்படித்தான். எல்லாம் விசைப்பலகைக்குள்ளேயே அடங்கியிருக்கும், டிவியில் பொருத்திப் பார்க்க வேண்டும். வலது பக்கத்தில் பிளொப்பி நுழைக்கும் வாய். விசைகளில் ஆங்கில எழுத்தோடு அரபு எழுத்தும் இருந்தது.

"உங்கட முதலாளி இல்லையா மகள்?"

"கொழும்புக்குப் போயிருக்காருங்க. சொல்லுங்க, நான் பாக்குறேன்."

"இது உங்கட வயசுக்கு மூத்த சாமான். உங்களுக்கு விளங்காது."

"தொறந்து பாத்துட்டு விளங்கலன்னா நானே சொல்லிடுவேங்க."

அவர் என்னைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார். "எந்தப் பக்கம் நீங்க?"

"ஸ்பிரிங்வெளி. தோட்டம். லயத்துலதான் வீடு."

லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். கேட்பதற்கு முன்பே அந்தக் கடைசி வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவது என் பழக்கம். அதைக் கேட்டதும் சிலருடைய குரல் மாறும், சிலருடையது மாறாது. யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிடும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். அப்பா கைநாட்டு வைத்தே செத்துப்போனார். அம்மா இன்னமும் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள், இன்னமும் கைநாட்டுத்தான். நான் கணினியில் டிப்ளோமா வாங்கி, நகரத்தின் நடுவில் ஒரு மேசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு ஒருபோதும் கூச்சம் வந்ததில்லை.

அவருடைய குரல் மாறவில்லை. எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

கணினி அவருடைய வாப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்தது. அவரும் அவருடைய தம்பியும் சின்ன வயதில் அதில்தான் விளையாடினார்கள். தம்பிக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. சில வருடங்களுக்கு முன் பண்டாரவளை ரோட்டில் மோட்டார் சைக்கிள் விழுந்து தலையில் அடி. நடப்பார், சாப்பிடுவார், தொழுகைக்குக் கூப்பிட்டால் வந்து நிற்பார். பேச்சு மட்டும் ஒன்றிரண்டு சொல்லோடு நின்றுபோனது. அதைவிடப் பெரிய தொல்லை, ஓரிடத்தில் இருக்கமாட்டார். கடையில் விட்டால் துணி உருளைகளை ஒவ்வொன்றாக இழுத்து விரிப்பார். வீட்டில் விட்டால் கதவைத் திறந்துகொண்டு நடப்பார். ஒருமுறை மொனராகலை பஸ் நிலையத்தில் இருந்தார். தெரிந்த கொண்டக்டர் ஒருவர் திரும்பக் கூட்டிவந்தார்.

"உம்மா இருக்கும் மட்டும் உம்மா பாத்தா. உம்மா மவுத்தாகி ஒரு வருஷம். இப்ப எங்கட வீட்டுக்காரிதான் பாக்குறா. புள்ளைகளப் பாக்குறதா, குசினியப் பாக்குறதா, இவர் எந்தக் கதவத் தொறக்குறார்னு பாக்குறதா? அவ கெட்டவ இல்ல மகள். அவளுக்கு ஏலா."

கண்டிப் பக்கம் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கும் விடுதி ஒன்றில் இடம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். பெட்டி கட்டும் யோசனையில் மாடியறையைக் கூட்டியபோது இந்தக் கணினி அகப்பட்டது. தம்பி அதைக் கண்டதும் தரையிலேயே உட்கார்ந்து, தூசியோடு தூசியாக விசைகளில் கை வைத்துக்கொண்டாராம்.

"லுஹர் தொழுதிட்டு நான் கடைக்குப் போனேன். அஸருக்கு வந்து பாத்தா அதே எடத்துல ஈக்கிறான். கரண்டும் இல்ல, ஒண்டும் இல்ல. அவன் அப்படி ஓரிடத்துல இருந்து நாங்க கண்டதே இல்ல. ஆனா செத்த பொட்டிக்கு முன்னால எத்தின நாளைக்கு இருப்பான்? இத ஓட வெச்சா இருப்பான். இருந்தானெண்டா அனுப்பத் தேவயில்ல."

ஓட வைப்பேன் என்று அந்த இடத்திலேயே சொன்னேன். திறந்து பார்ப்பதற்கு முன்பே சொன்னேன்.

திறந்து பார்த்தபோது அவ்வளவு மோசமில்லை. மின்சாரம் கொடுத்ததும் நீலத் திரை வந்தது. பிளொப்பியைச் சுழற்றும் இறப்பர்ப் பட்டி மட்டும் உருகித் தார் போல ஒட்டியிருந்தது. பழைய கேசட் பிளேயர் ஒன்றிலிருந்து அதே அளவில் ஒரு பட்டியை எடுத்து மாட்டினேன். பிளொப்பிகள்தான் முடிந்துபோயிருந்தன. துணிக்கடை மாடியின் ஈரம் அவற்றுக்குள் இறங்கி, கறுப்புத் தட்டெங்கும் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. பதுளையில் தோல் செருப்பை அலமாரியில் வைத்து மறந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருந்தது.

தட்டு போனால் போகட்டும், அதில் இருந்தது எங்கேயாவது இருக்கும் என்று எனக்குத் தெரியும். பழைய கணினிகளின் மேல் பிரியமுள்ளவர்கள் உலகத்தின் பல மூலைகளில் இருக்கிறார்கள். ஒரு பிளொப்பியின் முதல் வட்டத்திலிருந்து கடைசி வட்டம்வரை உள்ளதை ஒரு புள்ளி விடாமல் படித்து, ஒரே கோப்பாக இணையத்தில் வைத்துவிடுவார்கள். டிஸ்க் இமேஜ் என்பது அதுதான். அந்தக் கோப்பை எடுத்து, வட்டம் வட்டமாக வேறொரு பிளொப்பியில் எழுதினால், பழைய கணினி அதைத் தன் பழைய தட்டு என்றே எடுத்துக்கொள்ளும்.

எந்தக் கோப்பு என்பதுதான் கேள்வி. துணிக்கடை முதலாளிக்குப் பெயர் ஞாபகமில்லை. "படம் கீறுறது. போட்ட உடனே ஒரு மீன் வரும், நீலமா" என்றார். தேடத் தொடங்கினேன். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மீனைத் தவிர வேறெதுவும் காட்டியிருக்கமாட்டார்களோ என்று தோன்றும் அளவுக்கு மீன்கள் வந்தன. ஒவ்வொன்றையும் என் கணினியில் ஓடவைத்து, படமெடுத்து அவருக்கு அனுப்புவேன். உடனே போன் வரும்.

"இது இல்ல மகள். இது வேற சாதி மீன்."

"நீலமாத்தானே இருக்கு?"

"எங்கட மீன் சிரிக்கும்."

கடைசியில் சிரிக்கும் மீன் கிடைத்தது. தலைப்பு முழுக்க அரபு எழுத்தில் இருந்ததால் முதல் தேடலில் தப்பியிருந்தது. படத்தை அனுப்பினேன். இந்த முறை போன் வரவில்லை. அவரே கடையை விட்டு நடந்து வந்து, என் திரையின் முன் குனிந்து நின்று பார்த்தார். "இதுதான்" என்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

பிளொப்பியில் இரண்டு வகை உண்டு. எங்கள் கடை மூலையில் கிடந்தவை பிந்திய வகை. ஒரு மூலையில் கூடுதலாக ஒரு துளை இருக்கும். எழுதும் கணினி அந்தத் துளையைப் பார்த்துத்தான் வகையை முடிவு செய்கிறது. துளையை டேப் ஒட்டி மூடினால் முந்திய வகை என்று நம்பி எழுதிவிடும். ஆனால் பிந்திய வகையின் காந்தப் பூச்சு வேறு. எழுதியது நாளாக நாளாக மங்கிவிடும். வெள்ளோட்டமாக அப்படி ஒன்றை எழுதி, ஓடுகிறது என்று கண்டுகொண்டு, மேசை லாச்சியில் போட்டேன். சரியான வகைக்காகப் பல கடைகளுக்குப் போன் எடுத்து, பண்டாரவளையில் ஒரு பழைய எழுதுபொருள் கடையில் பிரிக்காத பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் அதை ஊதித் துடைத்துக் கொடுத்துவிட்டு, "இத வச்சு என்னா செய்வீங்க தங்கச்சி, கோப்பைக்கு அடியில வைக்கவா?" என்று சிரித்தார்.

மத்தியானத்தில், மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் எழுதினேன். மோட்டார் சுற்றத் தொடங்கும் முனகல், பிறகு எழுதும் தலை ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்குத் தாவும் சின்னத் தட்டல். திரையில் வட்ட எண் ஒவ்வொன்றாக ஏறும். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று பெட்டி முழுவதையும் எழுதி, ஒவ்வொன்றையும் மறுபடி படித்துச் சரிபார்த்தேன். ஒரு குடும்பத்தின் முடிவு இந்தச் சத்தத்தில் தொங்குகிறது என்ற நினைப்பு இருந்ததால் நடுவில் எழுந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் சரஸ்வதி பூசை. கடைக்கு விடுமுறை. அதற்கு அடுத்த நாள் காலை நேரே துணிக்கடை முதலாளியின் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அதனால் பெட்டியைக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

சரஸ்வதி பூசையன்று என் புத்தகங்களைச் சாமி படத்துக்கு முன் அடுக்குவது அம்மாவின் வேலை. வேறு யாரையும் விடமாட்டாள், என்னையும் விடமாட்டாள். முதலாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து டிப்ளோமாக் குறிப்புகள்வரை ஒவ்வொரு வருடமும் அவள் கையாலேயே அடுக்கி, சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, மறுநாள் காலைவரை யாரையும் தொடவிடாமல் காவல் இருப்பாள். அந்த வருடம் அடுக்கப் புதிதாக எதுவும் இல்லை.

"என்னாடி இது, வேலைக்குப் போனதும் பொஸ்தகமே இல்லையா?"

"என் வேல எல்லாம் கம்பியூட்டருக்குள்ளம்மா."

"அப்ப அதக் கொண்டாந்து வையி."

"கடைய மூடிட்டாங்க. மொதலாளி வீட்டுல போயிக் கேக்கவா?"

"வாயப் பாரு. படிச்ச புள்ளைன்னு சாமிக்கு எத வச்சுக் காட்டுறது?"

பையிலிருந்து பிளொப்பிப் பெட்டியை எடுத்தேன். துணிக்கடை முதலாளியின் தம்பி கதை அம்மாவுக்குத் தெரியும், தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்காக நான் எழுதியது இதில்தான் இருக்கிறது என்றேன்.

"எழுதுனியா? எங்க, காட்டு."

"கண்ணுக்குத் தெரியாதும்மா." ஒரு பிளொப்பியின் உலோகத் தகட்டை விரலால் தள்ளி, உள்ளே இருந்த கறுப்புத் தட்டைக் காட்டினேன். "இந்தக் கறுப்புலதான் எல்லாம் எழுதியிருக்கு."

அம்மா முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். "செலேட்டு மாதிரி இருக்கு" என்றாள். விரலை எடுத்தேன். தகடு டக்கென்று மூடிக்கொண்டது.

பிறகு நான் அடுத்த லயத்துக்குச் சுண்டல் கொடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது பெட்டி சாமி படத்துக்கு முன் இருந்தது, மூடியில் ஒரு பொட்டோடு. நன்றாகத்தான் இருந்தது. என் வேலைக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் பொட்டு. மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு அம்மா போவதற்கு முன் அவள் கையாலேயே பெட்டியை எடுத்துத் தந்தாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போனேன்.

வீடு துணிக்கடைக்குப் பின்னால் இருந்தது. முன்னறையில் பழைய டிவியை மேசைமேல் வைத்து, கணினியை அதில் பொருத்தியிருந்தார்கள். தம்பி ஏற்கெனவே எதிரே உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நன்றாக வாரிய தலை. யாரோ கவனமாக வாரிவிட்டிருந்தார்கள். அவருடைய மதினி, துணிக்கடை முதலாளியின் மனைவி, குசினி வாசலில் நின்றார். எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

முதல் பிளொப்பியை நுழைத்தேன். வாயின் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. மோட்டார் சுற்றியது. அதோடு ஒரு சத்தமும் வந்தது. கரகரவென்று, மணல் விழுந்த இயந்திரம் மாதிரி. நான் கேட்டறியாத சத்தம். படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி வந்து நின்றது. இரண்டாவதைப் போட்டேன், அதே சத்தம். மூன்றாவதுக்கு விளக்குக்கூட ஒழுங்காக எரியவில்லை.

தம்பி எழுந்தார். யாரையும் பார்க்காமல், கடைப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு போனார். உள்ளே துணி உருளை ஒன்று தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. மதினி ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிவந்தார். "வாங்க தம்பி. அங்க வேணாம். வாங்க." குரலில் கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு, கணவரைப் பார்த்து, "சரி. பாத்தது போதும்" என்றார்.

பிளொப்பியை வெளியே எடுத்துத் தகட்டைத் தள்ளினேன். கறுப்பில் ஒரு சிவப்பு வளையம். தட்டு சுழன்றபோது இழுபட்டு, முழு வட்டமாகத் தேய்ந்திருந்தது. நுழைக்காத ஒன்றை எடுத்துத் தகட்டைத் தள்ளினேன். கறுப்பின் நடுவில், அளவாக, அழகாக, சந்தனத்துக்குமேல் ஒரு குங்குமப் பொட்டு. பெட்டியில் இருந்த அத்தனையிலும் அப்படியே. எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள், சரியாக அங்கேயே வைத்திருந்தாள்.

துணிக்கடை முதலாளி குனிந்து பார்த்தார். "இது என்ன மகள்? ரத்தமா?"

பழைய சரக்கு, பண்டாரவளைக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் நம்பியிருப்பார்கள். ஆனால் அம்மா வைத்ததை அழுக்கு என்று சொல்ல என் வாய் எழவில்லை.

"குங்குமமுங்க. நேத்து எங்களுக்குச் சரஸ்வதி பூசை. இதுலதான் எழுத்து இருக்குன்னு எங்கம்மாகிட்ட காட்டுனேன். எங்கம்மா எழுத்துக்குப் பொட்டு வச்சிருக்காங்க."

முதலாளி கணினியைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைக் காட்டினார். ஒரு காலில் கறுப்பு நூல் சுற்றி, அதில் மடித்த தகரம் போல ஒரு சின்னப் பொட்டலம் தொங்கியது. திறந்தபோதே அதைக் கண்டிருந்தேன், என்னவென்று தெரியாமல் அப்படியே விட்டிருந்தேன்.

"எங்கட உம்மா கட்டின தாவீசு. ஊர்ல ஒருத்தர்ட்டயும் இல்லாத சாமான், கண்ணூறு படும்னு."

குசினி வாசலிலிருந்து மதினி சொன்னார்: "மாமி தாவீசு கட்டியும் ஓடல்ல, அந்தப் புள்ளட உம்மா பொட்டு வெச்சும் ஓடல்ல. நல்ல மெசின்தான்." அவர் சிரித்ததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சிரிப்பு நின்றதும், "எத்தின நாள் வேணும்?" என்று கேட்டார். மாத முடிவு அவர் மனதில் இருந்தது. என் மனதிலும் இருந்தது.

"நாளைக்கே வாறேங்க."

கணினியைக் கடைக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். படிக்கும் தலையில் சந்தனம் பசையாக அப்பியிருந்தது. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைத்தேன். பொட்டு வைத்த தட்டுகளைக் காப்பாற்ற முடியவில்லை. சந்தனம் காய்ந்து பிடித்திருந்தது; துடைத்தபோது கறுப்புப் பூச்சும் கூடவே வந்தது.

அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா கொழுந்துக் கூடையைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"மெசின் ஓடுச்சா?"

ஓடியது என்று சொன்னால் அதோடு முடிந்துவிடும். ஆனால் அம்மா சின்னப்பிள்ளை இல்லை. மலையும் மழையும் அட்டைக்கடியும் தெரிந்த பெண். அவளிடம் மறைத்து அவளுக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

"ஓடலம்மா. உள்ள வச்ச பொட்டு மெசினோட படிக்கிற தலையில ஒட்டிக்கிச்சு. எழுதுனது போயிருச்சு."

"எல்லாமா?"

"பெட்டியில இருந்தது எல்லாம்."

அம்மா கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "அப்ப அந்த ஆள அனுப்பிருவாங்களா?" என்று கேட்டாள்.

"இன்னொண்ணு இருக்கும்மா. கடையில. நாளைக்குப் பாக்கணும்."

அவள் அடுப்புக்குப் போய்த் தேநீர் ஊற்றிவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். "அதுல எந்த எடத்துல வச்சாக் கெடாது?"

கெட்டுப்போன ஒரு பிளொப்பியை எடுத்து, மேலே பெயர் எழுதும் காகிதத்தைக் காட்டினேன். "இங்க வச்சா ஒண்ணும் ஆகாது."

"இது பேரு எழுதுற எடம். எழுத்து அங்கதானேன்னு நெனச்சேன்" என்றாள். மன்னிப்பும் கேட்கவில்லை, வருந்தியதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டவளின் குரல் அது. நான் பாடம் கேட்கும்போது என் குரலும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. இந்தத் தலைநிமிர்வை நான் பள்ளிக்கூடத்தில் படித்ததாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன்.

லாச்சியில் கிடந்தது வெள்ளோட்டத்துக்கு எழுதிய ஒன்று மட்டும்: துளையை டேப் ஒட்டி மூடிய, நம்பக்கூடாத வகை. அடுத்த நாள் அதையும் கணினியையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். நுழைத்தேன். விளக்கு எரிந்தது. கரகரப்பு இல்லை. டிவித் திரையில் மேலிருந்து கீழாக, வரி வரியாக நீல மீன் வந்தது. அது சிரித்தது.

தம்பி அழவுமில்லை, சத்தமிடவுமில்லை. அம்புக்குறி விசையில் விரலை வைத்து அழுத்தினார். திரையில் ஒரு கோடு நகர்ந்தது. நேராகப் போய், திரும்பி, மறுபடி நேராகப் போனது. அவ்வளவுதான். நான் புறப்படும்போதும் அவர் அங்கேயே இருந்தார். எழுதியது மங்கக்கூடும், மங்கினால் மறுபடி எழுதித் தருவேன் என்று முதலாளியிடம் சொன்னேன். மதினி கடைப்பக்கக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டார்.

மாதத்தின் கடைசி நாள் மறுபடி போனேன். கையில், கடை மூலையில் கிடந்த ஒன்றுக்கு டேப் ஒட்டிப் புதிதாக எழுதிய ஒரு பிளொப்பி. முந்தின நாள் அம்மா அதைக் கேட்டு வாங்கி, பெயர்க் காகிதத்தின் மூலையில், கடுகளவு பொட்டு வைத்திருந்தாள். வைக்கும் முன், "அவங்க தப்பா நெனைக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். மாட்டார்கள் என்றேன்.

தம்பி டிவியின் முன் இருந்தார். திரை முழுக்கக் கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக, சாரத்துணிக் கட்டம் மாதிரி. விடிந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறார் என்றார் முதலாளி. நேற்றும் அப்படித்தான், அதற்கு முந்திய நாளும் அப்படித்தான். கடையில் துணி உருளைகள் எல்லாம் அலமாரியில் அதனதன் இடத்தில் இருந்ததை வரும்போதே கவனித்திருந்தேன். மதினி பிளொப்பியை வாங்கிப் பார்த்தார். "இந்த முற வெளியில வெச்சிக்கிறாங்க" என்றார்.

பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். வெளியே தள்ளும் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனேன். அந்த நேரம் தம்பி படத்தைச் சேமிக்கும் விசையை அழுத்தியிருந்தார் போலும். மோட்டார் சுற்றத் தொடங்கியது. அவருடைய உள்ளங்கை சட்டென்று வந்து பிளொப்பி வாயை மறைத்தது. என் விரல் அவர் கையில் இடித்தது. அவர் என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் அவர் நேராக என்னைப் பார்த்தது அதுதான் முதல் முறை.

"லைட்டு" என்றார்.

பொத்தானின் பக்கத்தில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எரியும்போது பிளொப்பியை எடுக்கக் கூடாது. எடுத்தால் எழுதுவது பாதியில் அறுந்து தட்டு கெட்டுவிடும். எனக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் பார்க்கவில்லை.

முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வாப்பா சொல்றது" என்றார். "லைட் எரியக்குள்ள கைய வெக்காத, லைட் எரியக்குள்ள கைய வெக்காதன்னு. அடியும் வாங்கியிருக்கோம்."

நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மதினி குசினியிலிருந்து சோற்றுத் தட்டோடு வந்தார். "தம்பி, சோறு ஆறுது. எழும்புங்க." உள்ளங்கை அசையவில்லை. மோட்டார் முனகியது, தலை ஒவ்வொரு வட்டமாகத் தட்டிக்கொண்டு நகர்ந்தது.

மதினி விளக்கைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"கண்டிக்குப் போன் எடுத்து, அந்த எடத்த வேற யாருக்காவது குடுக்கச் சொல்லுங்க."

முதலாளி சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"இப்ப இல்ல. சத்தம் போடாதீங்க. லைட் அணையட்டும்."

சோற்றுத் தட்டை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டு, விளக்கைப் பார்த்தபடி மதினி நின்றார்.